வேலை வேண்டும்… உயிரும் வேண்டும்!



ஆண்டு மலர் என்றால் வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி ஒரு கட்டுரை கட்டாயம் இருக்கும். இந்த ஆண்டும் இருக்கட்டும். நானும் வேலையைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறேன். ஆனால் கிடைக்காத வேலையைப் பற்றி அல்ல. கிடைத்த வேலைக்குப் போய்த் திரும்பி வராதவர்களைப் பற்றி!

2023 அக்டோபர் 7, சனிக்கிழமை. தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ஓசூர் தாண்டி, மாநில எல்லையைக் கடந்ததும் வருகிற அத்திப்பள்ளியில், ஒரு பட்டாசுக் கிடங்கில் லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது தீப்பிடித்தது. உள்ளே இருந்த பலரால் வெளியே வர முடியவில்லை. அன்றைக்கே 14 பேர் இறந்தார்கள். தீக்காயத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்களிலும் சிலர் பிறகு இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுப் பையன்கள். நம் அரூர் பக்கத்து டி.அம்மாபேட்டை என்ற ஒரே கிராமத்திலிருந்து மட்டும் பல பேர்.

யார் அவர்கள்? பலர் நம்மைப் போலப் படித்துக்கொண்டிருந்தவர்கள். தீபாவளி சீசனில் கொஞ்ச நாள் வேலை செய்தால் படிப்புச் செலவுக்கு ஆகும், வீட்டுக்குப் பாரமாக இருக்க வேண்டாம் என்று போனவர்கள். ஊர் சுற்றப் போனவர்கள் அல்ல. பொறுப்பான பிள்ளைகள்!

"பத்து நாள் வேலைதான்டா… சாப்பாடு, தங்கற இடம் எல்லாம் அவங்களே கொடுத்துடுவாங்க. வர்றியா?"

இந்த அழைப்பு நம்மில் யாருக்கு வந்ததில்லை? சொல்லுங்கள்!

அத்திப்பள்ளி மட்டும் என்றால் அதை ஒரு விபத்து என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதே 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் நம் மாவட்டத்து நாகதாசம்பட்டியில் பட்டாசு வெடித்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஜூலை 29-ல் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தார்கள். 2025 பிப்ரவரி 24-ல் கம்பைநல்லூர் அருகே மூன்று பெண்கள். இரண்டே வருஷத்துக்குள், நம் பஸ் போகிற தூரத்துக்குள் இத்தனை! இதையும் விதி என்று சொல்லிக்கொண்டிருந்தால், நாம் படிக்கிற டிப்ளமோவுக்கு என்ன அர்த்தம்?

நாம் ஏன் போகிறோம்?

நம் மாவட்டத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்தோம். ஓசூர் சிப்காட் ஒருகாலத்தில் நம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 2004 பிப்ரவரி 9-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. "ஓசூர் அவங்களுக்கு, ஒகேனக்கல் நமக்கு" என்று பெரியவர்கள் இன்றும் கிண்டலாகச் சொல்வார்கள். மழையை நம்பிய மேட்டு நிலம், மாம்பழமும் புளியும் விளைகிற காலத்தில் கொஞ்சம் கூலி. மற்ற நாளில் பெங்களூர் கட்டட வேலை, திருப்பூர் பனியன் கம்பெனி, கோவைப் பக்கத்து நூல் மில், ஓசூர் தொழிற்சாலை. வெள்ளிக்கிழமை இரவு பெங்களூரிலிருந்து வருகிற பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்களுக்குத் தெரியும், நம் மாவட்டத்தின் பாதிப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்று!

வெளியூர் போய் உழைப்பதைக் குறை சொல்லவில்லை. என் சித்தப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்துதான் வீடு கட்டினார். நான் கேட்பது ஒன்றே ஒன்று: வேலைக்குப் போகும்போது நாம் கேட்கிற கேள்விகள் என்னென்ன?

கூலி எவ்வளவு? சாப்பாடு உண்டா? எத்தனை நாள்? அட்வான்ஸ் கொடுப்பாங்களா? இந்த நான்கோடு சரி. "அங்கே என்ன சரக்கு இருக்கு? தீப்பிடிச்சா வெளியே வர எத்தனை வழி இருக்கு? எனக்கு அடிபட்டா யார் பொறுப்பு?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மேஸ்திரி சிரிப்பார். "என்ன தம்பி, கலெக்டர் வேலைக்கா போறே?" என்பார். நம் ஊரில் வேலையை அறிமுகம் செய்கிறவர் பெரும்பாலும் சொந்தக்காரராகவோ, பக்கத்து ஊர் அண்ணனாகவோ இருப்பார். கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று நமக்கே தோன்றிவிடுகிறது.

நமக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியவில்லை

நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. முதலாம் ஆண்டு ஒர்க்‌ஷாப்பில் முதல் நாள் எங்கள் இன்ஸ்ட்ரக்டர் லேத்தைத் தொடவே விடவில்லை. சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மெஷினைப் போட்டால் அது எப்படிப் பறந்து வரும், தொளதொள சட்டைக் கையை ஜாப் எப்படிச் சுற்றி இழுக்கும், கிரைண்டிங் வீலுக்கு நேரே ஏன் நிற்கக் கூடாது… ஒரு பீரியட் முழுக்க இதே பேச்சு. "எப்ப சார் மெஷின் ஓட்டறது?" என்று நாங்கள் சலித்துக்கொண்டோம்.

அப்புறம் விடுமுறையில் ஒரு சின்னப் பட்டறைக்குப் பயிற்சிக்குப் போனேன். பிரஸ் மெஷினில் கை உள்ளே போகாமல் தடுக்கிற கார்டைக் கழற்றி மூலையில் வைத்திருந்தார்கள். "இருந்தா புரொடக்‌ஷன் குறையுதுப்பா" என்றார் சூப்பர்வைசர். அந்த மெஷினில் வேலை செய்தவன் நம் பக்கத்துப் பையன், பத்தாவதோடு நின்றவன். அந்த மூலையில் கிடந்த இரும்பு எதற்கு என்றே அவனுக்குத் தெரியாது. நான் சொன்னதும், "அடப்பாவி, அது கைக்காகவா?" என்றான்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. நமக்கும் அவனுக்கும் அறிவில் வித்தியாசம் இல்லை. நமக்கு ஒருவர் சொல்லிக் கொடுத்தார், அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான்!

நம் ஊர்களில் உயிரை எடுக்கிற விஷயங்கள் பல நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. ஆழமான கிணற்றுக்குள் ஆயில் இன்ஜினை இறக்கி ஓட்டினால் புகை உள்ளேயே தங்கும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கழிவுத் தொட்டியில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கே மரத்துப் போய் நாற்றம் தெரியாது. "நாத்தம் இல்லை, இறங்கலாம்" என்று நினைப்பவன் இறங்குவது சாவுக்குள்! திருவிழாவில் சீரியல் செட் போடுகிறவன், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. ஒன்றை மாட்டினால் எத்தனையோ உயிர் பிழைக்கும். எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு இது அரிச்சுவடி. ஊரில் பந்தல் போடுகிறவருக்கு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் நல்ல மனசுக்காரர்கள். ஒருவன் விழுந்தால் இன்னொருவன் யோசிக்காமல் குதிப்பான். கிணற்றிலும் தொட்டியிலும் இரண்டு பேர், மூன்று பேர் என்று சாவது இப்படித்தான். 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து சுமார் 40 பேர் இறந்தார்களே, அவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்கள் அல்ல. காப்பாற்றவும் பார்க்கவும் ஓடி வந்தவர்கள். வீரம் மட்டும் போதாது தோழர்களே, விவரமும் வேண்டும்!

"பாதுகாப்பு பேசினா வேலை போயிடும்!"

இதை எழுதப் போகிறேன் என்றதும் விடுதி நண்பன் ஒருவன் சொன்னது இது. "மச்சான், நீ எழுதறதெல்லாம் சரி. வயித்துக்கு இல்லாதவன்கிட்ட போய் ஹெல்மெட் போடுன்னு சொன்னா எப்படி? நீ கேள்வி கேட்டா அவன் வேற ஆளைக் கூட்டிக்குவான்."

நியாயமான பேச்சு. ஒரு ஆள் தனியாகக் கேட்டால் அப்படித்தான் நடக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊரே கேட்டால்?

வெகு தூரம் போக வேண்டாம், ஒகேனக்கல்லைப் பாருங்கள். பரிசலில் ஏறுகிறவர்கள் இன்று லைஃப் ஜாக்கெட் மாட்டித்தான் ஏற வேண்டும். அதனால் பரிசல் தொழில் நின்றுவிட்டதா? பரிசல்காரர் பிழைப்பு போய்விட்டதா? இல்லையே! எல்லாப் பரிசலுக்கும் ஒரே விதி என்று வந்ததால், "நான் மட்டும் ஏன் மாட்டணும்" என்ற பேச்சே இல்லை. பாதுகாப்பு ஒருவனுக்கு மட்டும் என்றால் அது சுமை. எல்லோருக்கும் என்றால் அது வழக்கம்.

உலகத்திலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. 1911 மார்ச் 25-ல் நியூயார்க் நகரத்தில் ட்ரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலை எரிந்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பிழைப்புக்காக அயல்நாட்டிலிருந்து வந்த இளம்பெண்கள். வெளியேறும் கதவு பூட்டியிருந்தது! அந்தத் தீயை வீதியில் நின்று கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர் பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண்மணி. அதன் பிறகு நியூயார்க்கில் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் வரிசையாக வந்தன. அவர் 1933-ல் அமெரிக்காவின் தொழிலாளர் துறைக்கே அமைச்சரானார். அந்தச் சட்டங்களால் சட்டைத் தொழில் அழிந்துவிடவில்லை. நம் மாவட்டத்துத் தோழியர் எத்தனை பேர் நூல் மில் விடுதியிலும் தொழிற்சாலை விடுதியிலும் தங்கி வேலை செய்கிறார்கள்! ராத்திரியில் அந்த விடுதியின் கதவைத் திறக்கிற சாவி யாரிடம் இருக்கிறது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

"அதெல்லாம் முதலாளியும் சர்க்காரும் பாக்க வேண்டியது!"

இது இரண்டாவது ஆட்சேபணை. இதுவும் சரிதான்! நான் சொல்கிற எதுவும் முதலாளியின் பொறுப்பை இறக்கித் தொழிலாளி தலையில் வைப்பதற்கு அல்ல. பாதுகாப்பான இடம் கொடுப்பது வேலை கொடுப்பவர் கடமை. சோதனை செய்வது அரசின் கடமை. ஆனால் நம் உரிமை என்னவென்றே தெரியாமல் இருந்தால் அதை எப்படிக் கேட்பது?

1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதன் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி 111-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலையின் ஆபத்தைப் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறவும், பாதுகாப்புப் பயிற்சி பெறவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்றது அது. 2025 நவம்பர் 21 முதல் அந்த 1948-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2020-ம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. தகவல் கேட்கும் உரிமை அதிலும் இருக்கிறது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அதே சமயம், மின்சாரத்தில் மெஷின் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்ததை 20 பேர் என்று உயர்த்திவிட்டார்கள். சின்னப் பட்டறைகள்தான் நம் பையன்கள் அதிகம் போகிற இடம். அங்கே கண்காணிப்பு குறைகிறதா என்று நாம் விழித்திருந்து பார்க்க வேண்டும்.

பட்டாசுக் கடைக்கும் விதி உண்டு. 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி தீபாவளிக்குப் போடுகிற தற்காலிகக் கடைகள் எளிதில் தீப்பிடிக்காத பொருளால் கட்டப்பட வேண்டும். கடைக்குக் கடை 3 மீட்டர் இடைவெளி வேண்டும். எதிரெதிரே இருக்கக் கூடாது. எண்ணெய் விளக்கோ வேறு எரியும் விளக்கோ கூடாது. ஒரே இடத்தில் 50 கடைக்கு மேல் கூடாது. இதை மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு டீ குடிக்கிற நேரம்! இது தெரிந்த பையன் கடைக்குள் காலை வைக்கும்போதே பார்த்துவிடுவான், நிற்பதா திரும்புவதா என்று.

சரி, என்ன செய்யலாம்?

புலம்பி முடிக்க நான் வரவில்லை. நம் ஊரில் இளைஞர்களுக்குக் குழு இல்லாமல் இல்லை. கபடிக் குழு இருக்கிறது, ரசிகர் மன்றம் இருக்கிறது, திருவிழாக் கமிட்டி இருக்கிறது. கபடிப் போட்டிக்கு நன்கொடை வசூலித்து, மைக் செட் கட்டி, ராத்திரி முழுக்க விளக்குப் போட்டு ஆட்டம் நடத்தத் தெரிந்தவர்களுக்கு, ஒரு பாதுகாப்பு வகுப்பு நடத்தத் தெரியாதா? வேலை தனி, பாதுகாப்பு தனி, இளைஞர் மன்றம் தனி என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறோம். மூன்றையும் ஒரே திண்ணையில் உட்கார வைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஒன்று: தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே, சீசன் வேலைக்கு ஆள் எடுக்கத் தொடங்குமுன், நம் சங்கம் ஊர் ஊராகப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஊர். அந்த ஊர்க் கபடிக் குழுவே ஏற்பாடு செய்யட்டும். ஒரு மணி நேரம் போதும். தீயணைப்பானை எப்படிப் பிடிப்பது என்று காட்டுவோம்: பின்னை இழு, தீயின் அடியைக் குறி வை, அழுத்து, இரு பக்கமும் வீசு. மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றாதே. பட்டாசுக் குவியல் பற்றிக்கொண்டால் அணைக்க நிற்காதே, ஓடு! தீயணைப்பு நிலையத்தை முறையாக அணுகினால் அவர்களே வந்து செய்து காட்டுவார்கள். நம் நாட்டு நலப்பணித் திட்டக் குழு இதைச் செய்யாமல் வேறு எதைச் செய்வது? முகாமில் மரம் நடுவதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாமே!

இரண்டு: சங்க அறிவிப்புப் பலகையில் "வேலை விவரம்" என்று ஒரு பகுதி வேண்டும். வேலைக்குக் கூப்பிடுகிறவர் யார், இடம் எது, என்ன சரக்கு, என்ன மெஷின், தங்குமிடம் எங்கே, கடிதம் உண்டா? இத்தனையும் எழுதித் தருகிறவரின் வேலையைத்தான் ஒட்ட வேண்டும். எழுதித் தர மாட்டேன் என்பவரின் வேலைக்கு நம் பையன் போக வேண்டாம்.

மூன்று: நம் படிப்புக்கு உரிய வழியை நாமே தெரிந்துகொள்வது. 1961-ம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தில் 1973-லேயே டிப்ளமோகாரர்களைச் சேர்த்துவிட்டார்கள். சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலப் பயிற்சி வாரியம் இதைக் கவனிக்கிறது. 2019-ம் ஆண்டு விதி டிப்ளமோ பழகுநருக்கு மாதம் குறைந்தது 8,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தது. பணத்தை விட முக்கியம், அந்தச் சட்டத்தின் 14-வது பிரிவும் 16-வது பிரிவும். தொழிற்சாலையில் மற்றவர்களுக்கு உள்ள பாதுகாப்பு பழகுநருக்கும் உண்டு, வேலையில் அடிபட்டால் இழப்பீடு தர வேண்டியது வேலை கொடுப்பவர் என்கின்றன அவை. கையெழுத்து இல்லாத சீசன் வேலைக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் வெள்ளிக்கிழமைகளில் நடத்துகிற தனியார் துறை முகாம், அங்கேயே இலவசமாக நடக்கும் தன்னார்வ பயிலும் வட்டம்… இவற்றின் தேதி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? புதுப்படம் வருகிற தேதி தெரிகிறதே!

நான்கு: இது ஆண்களுக்கு மட்டும் அல்ல. நம் கல்லூரித் தோழியர் இருவர் மூவராகச் சேர்ந்து, மில்லுக்கும் தொழிற்சாலைக்கும் போகிற பெண்களை அவர்கள் விடுமுறையில் ஊருக்கு வரும்போது சந்தித்துப் பேச வேண்டும். பட்டாசு வேலையில் நம் மாவட்டத்துக்குள் இறந்தவர்களை எண்ணிப் பார்த்தால், பெண்கள்தான் முன்னே நிற்கிறார்கள்.

இதற்கெல்லாம் பெரிய நிதி வேண்டாம். பஸ் கட்டணமும் இரண்டு தீயணைப்பானும் போதும். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். அன்று ஒர்க்‌ஷாப்பில் உறுதிமொழி படித்துவிட்டுக் கலைந்து போகிறோம். அடுத்த மார்ச் 4-க்குள் பத்து ஊருக்குப் போய்விட்டு வந்து அந்த உறுதிமொழியைப் படித்தால், அதற்கு ஒரு மரியாதை இருக்கும்.

"இதனால எல்லா விபத்தும் நின்னுடுமா?" என்று கேட்பீர்கள். நிற்காது. லைசென்ஸ் இல்லாத கிடங்கை நாம் மூட முடியாது. அது அதிகாரிகள் வேலை. அவர்கள் செய்யாவிட்டால் கேட்பது சங்கத்தின் வேலை. ஆனால் கிடங்கு வாசலில் நிற்கிற ஒரு பையன், உள்ளே பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருப்பதையும், வெளியே வர ஒரே வழி இருப்பதையும் பார்த்து, "அண்ணே, இந்த வேலை வேண்டாம்ணே, நான் ஊருக்குப் போறேன்" என்று திரும்பினால் போதும். அந்த ஒரு பஸ் டிக்கெட்டுக்காகவாவது நாம் ஊர் ஊராகப் போக வேண்டும்.

மேலே சொன்ன நான்கையும் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக எடுக்கும்படி நம் சங்கச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் ஊராக டி.அம்மாபேட்டைக்குப் போகலாம் என்பது என் விருப்பம். பாடம் நடத்தப் போவதாக நினைத்து அல்ல. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் முன் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று முதலில் அவர்களிடமே கேட்டுக்கொண்டு வருவோம்.

வருகிறவர்கள் பெயர் கொடுங்கள். என் பெயரை முதலில் எழுதிவிட்டேன்.